ஐகோர்ட்டில் காத்திருந்தபோது கண்ணில் பட்டவை – உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்கள் பாகப்பிரிவினை வழக்கு அப்பீலில் சென்னை ஐகோர்ட் வரை போனது. ஒருநாள் முக்கியமான பத்திர நகலை வீட்டிலேயே மறந்துவிட்டேன். வாய்தா கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வக்கீல் ஒன்றும் திட்டவில்லை, "ஐட்டம் கூப்பிடுற வரைக்கும் வெளியில நில்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

நின்றபோதுதான் அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். வராந்தாவில் சலசலவென்று கூட்டம். திடீரென்று "உஷ்ஷ்" என்ற சத்தம். வெள்ளிச் செங்கோலோடு நீதிமன்றச் சேவகரான டவாலி முன்னே வர, பின்னால் நீதிபதி. கேஸ் கட்டுகளோடு எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கூட வந்திருந்த அப்பா என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிவிட்டார். கோயில் பழக்கம். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனால் கொஞ்சம் தள்ளி முத்துசாமி ஐயர் சிலையைப் பார்த்ததும் அப்பா என் முழங்கையை இடித்தார். "பாரு, ஜட்ஜே வெறுங்காலோடதான் உட்கார்ந்திருக்காரு." இந்த நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் இந்தியர் அவர்.

ஐகோர்ட் தொடங்கியது 1862இல். கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் கைபட்ட இந்தக் கட்டடம் திறக்கப்பட்டதோ 1892இல். நடுவில் முப்பது வருஷம் கடற்கரைச் சாலையில் பென்டிங்க் கட்டடத்தில்தான் வழக்கு நடந்தது. ஐயர் முதலில் தீர்ப்புச் சொன்னதும் அங்கேதான். பின்னால் கலெக்டர் ஆபீஸாக இருந்து, கடைசியில் இடிபட்டது. இன்று அந்த இடத்தில் சிங்காரவேலர் மாளிகை.

லண்டனுக்கு அடுத்து உலகத்திலேயே பெரிய கோர்ட் வளாகம் இதுதான் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். யார் டேப் பிடித்து அளந்தார்களோ!

*

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா காசிமேட்டில் கடலுக்குப் போனவர். ஒரு விபத்து வழக்கில் சாட்சி சொல்ல அவரைக் கூட்டிப் போனேன். கேட்டைத் தாண்டியதும் அவர் கண் மேலே இருக்கிற பெரிய மாடத்துக்குத்தான் போனது. "ராத்திரி கரைக்குத் திரும்புறப்ப இந்த வெளிச்சம்தான்டா வழி" என்றார். 1894 முதல் 1977 வரை ஊருக்கே கலங்கரை விளக்கம் அந்த மாடத்தின் உச்சியில்தான் எரிந்தது. அப்புறம்தான் மெரினாவுக்குப் போனது. அதற்கும் முந்தைய விளக்கு, 1844இல் ஏற்றியது, இதே வளாகத்தில் தனிக் கருங்கல் தூணாக நிற்கிறது. பாதிப் பேர் அதை ஏதோ நினைவுத்தூண் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

கிழக்குச் சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டையும் காட்டினேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சுட்டது. அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவின் அண்ணனை ஆயுசு முழுக்க "சரியான எம்டன்" என்று திட்டியவர், அது கப்பல் பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

*

நான் வக்கீல், என் அனுபவம் இது. ஜூனியராகச் சேர்ந்த முதல் வருஷம். நவம்பர், சனிக்கிழமை சாயங்காலம். வீட்டுச் சாவியை சேம்பரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய், அரட்டையில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பினால் எல்லா கேட்டும் பூட்டு. வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடுவார்கள். பொதுமக்கள் இடைவிடாமல் நடந்துகொண்டே இருந்தால் நாளைக்கு யாராவது "இது எங்கள் பாதை" என்று வழியுரிமை கோரிவிடலாம் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சட்டம் படித்த எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்படி உரிமை கோருவதென்றால் சென்னகேசவப் பெருமாளும் மல்லிகேஸ்வரரும்தான் முதலில் மனுப் போட வேண்டும். அவர்கள் கோயில் ஆதியில் இருந்த இடம் இது. 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையைப் பறிகொடுத்த ஆங்கிலேயர்கள், திரும்பக் கிடைத்த பிறகு, எதிரி ஒளிந்து சுட இடமிருக்கக் கூடாதென்று கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய ஊரையும் கோயிலையும் தரைமட்டமாக்கினார்கள். அதனால்தான் பெருமாள் இப்போது பூக்கடைப் பக்கம் இருக்கிறார்.

இதையெல்லாம் காவலாளியிடம் விளக்கி, சாவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டார். "பெருமாளே வந்தாலும் நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் சார்" என்றார்.