மறு: ‘அரூப உருவப்படம்’ – வேறு சொல் உண்டா?

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

‘abstract portrait’ என்பதற்குத் தமிழில் ‘அரூப உருவப்படம்’ சரிதானா என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். தக்கலை அண்ணன் எழுதிய இந்த வரிதான் என்னை உள்ளே இழுத்தது:

> ‘அரூப ஓவியம்’ சிற்றிதழ்களில் நிலைத்துவிட்ட சொல். முகத்துக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம் அண்ணே, படத்தில் முகம் இல்லாதவரை. உருவப்படம் என்ற பெயருக்குள்ளேயே உருவம் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் அரூபத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் மொட்டைத்தலைக்குப் பின்னல் போட்ட மாதிரிதான்.

இது வெறும் இலக்கணக் குசும்பு இல்லை. நாகர்கோவிலில் நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். குளச்சல் பக்கத்து மாணவி ஒருத்தி தன் பாட்டியை வரைந்திருந்தாள். பாட்டி மீன் விற்றவர். நல்ல சாளைப்பாடு, அதாவது வலை நிறையச் சாளை மீன், கிடைத்த ஒரு நாளின் முகம் அது. நெற்றி முழுக்க ஆரஞ்சு. கன்னத்தில் சாளையின் முதுகில் மினுங்குமே, அந்த நீலப்பச்சை. கண்ணுக்கு இரண்டே இழுப்பு. வாய் கிடையாது. தலையில் சும்மாடு மட்டும் இடப்பக்கம் சரிந்து, உள்ளது உள்ளபடி. கீழே அட்டையில் ‘அரூப உருவப்படம்’ என்று எழுதி ஒட்டியது நான்தான்.

பாட்டியையே கூட்டி வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் “எனக்க சும்மாடுல்லா இது!” என்று சிரித்தார். அப்புறம் அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மாதா கோயிலில் சம்மனசுகளை, அதாவது வானதூதர்களை, உடம்பில்லாத அரூபி என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். “அப்போ நான் செத்தா போனேன் மக்களே?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டது சரிதான். அந்தப் படத்தில் உருவம் எங்கும் போகவில்லை. மூக்கு, உதடு, சுருக்கம் எல்லாம் வடிந்துபோக, சும்மாட்டின் சரிவும் அன்றைய நாளின் நிறமும் தங்கியிருக்கின்றன. சோறு வடிப்பது போலத்தான். தமிழில் ‘வடித்தல்’ இரண்டு வேலை பார்க்கிற சொல். கஞ்சியை இறுப்பதும் வடித்தல், சிலை செய்வதும் வடித்தல். நீக்குவதும் ஆக்குவதும் ஒரே வினையில். போதாததற்கு, நம் ஊரில் வடிவு என்றால் அழகு. ஆகவே என் முன்மொழிவு: வடிமுகம்.

முதலில் ‘முகவடிப்பு’ என்றுதான் யோசித்தேன். அதைத் தனிமடலில் அனுப்பியபோது மார்த்தாண்டம் அக்கா ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்: “போன் கேமராவில் வடிப்பான் இருக்கு தம்பி, பூனைக்காது ஒட்டுறதுன்னு நினைப்பாங்க.” உண்மைதான். வடிமுகம் என்று திருப்பிப் போட்டால் அந்தக் குழப்பம் குறைகிறது. வினைத்தொகை வேறு: வடித்த முகம், வடிக்கின்ற முகம், வடிக்கும் முகம். இன்னொரு வசதி, இதில் அளவு சொல்லலாம். லேசாக வடித்தது, ஒட்ட வடித்தது என்று. அரூபத்தில் அரை அரூபம் உண்டா?

அந்த அளவு நமக்குக் கட்டாயம் தேவை. தெலங்கானாவின் தோட்டா வைகுண்டம் வரையும் பெண்களைப் பாருங்கள். மாநிறம் தாண்டிய கறுத்த முகம், பெரிய சிவப்புப் பொட்டு, மஞ்சளும் சிவப்பும் கலப்படமில்லாமல். முகம் முகமாகவே இருக்கிறது, ஆனால் வடித்த முகம். உதட்டில் சிரிப்பைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, படமோ திருவிழா மாதிரி இருக்கும். ஓவியர் அம்ரிதா சேர்கில் 1935-ல் வரைந்த மூன்று பெண்கள் படத்தில் இன்னொரு விசித்திரம்: முகங்கள் வாடியிருக்க, உடைகளின் நிறம் மட்டும் வாடவில்லை.

இங்கே தொல்காப்பியத்தை ஒரு நிமிடம் இழுக்கிறேன், மன்னிக்கவும். மனதின் உணர்ச்சி உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு; அந்த எட்டில் நகை முதலில் வருகிறது, உவகை கடைசியில். இரண்டும் ஒன்றில்லை. பல் தெரிவது நகை. அதை ஸ்டுடியோ போட்டோக்காரரே “கொஞ்சம் சிரிங்க” என்று வாங்கிவிடுவார். உவகைக்கு வாய் வேண்டியதில்லை, அதனால்தான் அந்தக் குளச்சல் மாணவி பாட்டியின் வாயை வரையவில்லை.

அடுத்தது நிறம். மகிழ்ச்சியைக் காட்ட ஓவியர் வைக்கும் நிறத்துக்கு இழையில் ஒருவர் ‘மகிழ்நிறம்’ என்று சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. ஆரஞ்சுக்குள் மகிழ்ச்சி பிறவியிலேயே இல்லை. அதே ஆரஞ்சில் தீயும் வரையலாம். ஓவியர் அல்லவா ஏற்றுகிறார்? கோட்டையில் அசையும் கொடியைக் கவி ‘வராதே’ என்று கைகாட்டுவதாகச் சொன்னால் தற்குறிப்பேற்றம் என்கிறோம். அதே வேலைதான் இது. பொருளுக்கு உள்ள நிறத்தை இயல்நிறம் என்றும், ஓவியர் தன் மனதிலிருந்து வைப்பதை ஏற்றுநிறம் என்றும் சொல்லிப் பார்க்கலாமே. ரவிவர்மாவின் முகங்கள் இயல்நிறம். பாட்டியின் நெற்றி ஏற்றுநிறம்.

‘இதெல்லாம் பாரிஸ் சரக்கு’ என்று எழுதியவருக்கு: பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியின் முகத்துக்கு நடுவே பச்சைக் கோடு இழுத்தது 1905-ல். ஆனால் திருவட்டாறு திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்குப் பச்சை முகம் புதிதா? உயர்ந்த பாத்திரம் என்றால் முகம் பச்சை. திருவிதாங்கூர் வட்டாரத்துச் சுவரோவியங்களிலும் ஐந்தே நிறம், அவற்றில் பச்சை சாத்விகத்துக்கு, அதாவது அமைதியான நற்குணத்துக்கு. அங்கே நிறத்தை ஏற்றியது மரபு, இன்றைய ஓவியத்தில் ஏற்றுவது தனி ஆள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆற்றிங்கலில் 1935-ல் பிறந்த ஓவியர் ஏ. ராமச்சந்திரன் இந்தச் சுவரோவியங்களை ஆய்வு செய்தவர். அவருடைய பிற்காலப் படங்களில் பொங்கும் நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. முகமே இல்லாமல் நிறமும் கோடுமாக மட்டும் இருக்கும் படத்தை என்ன செய்வது? அங்கே வடிக்க எதுவும் இல்லை. அதற்கு அரூபமே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. தக்கலை அண்ணன் சம்மதிப்பாரா?

பாட்டி படத்தின் அட்டையை மாற்றியாயிற்று: ‘வடிமுகம். சாளைப்பாடு நாள். ஆக்ரிலிக்.’ ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டப்போகிறோம். அவர் என்ன சொன்னார் என்று திங்களன்று எழுதுகிறேன்.