கம்மவான்பேட்டை வீட்டு வாட்ஸ்அப் குழு: அப்பா கடைக்குப் போகவில்லை

செல்வி: யாழினி இன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு வலிக்கிறது என்கிறாள். நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறாள். நாலரை வயதாகிறது, இரவில் படுக்கையை நனைக்கிறாள்.

ஏழுமலை: வேலூருக்கு அழைத்துப் போய்க் காட்டு அம்மா.

செல்வி: காட்டிவிட்டேன் மாமா. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

மலர்: முருகன் அண்ணன் லீவு முடிந்து ராணுவத்துக்குத் திரும்பிப் போனதை அவளிடம் எப்படிச் சொன்னீர்கள் அண்ணி?

செல்வி: அவள் தூங்கும்போதே காட்பாடிக்குக் கிளம்பிவிட்டார். கடைக்குப் போயிருக்கிறார் என்று அத்தை சொல்லிவைத்தார்கள்.

ஆயா: வேறென்ன சொல்வது? உங்கள் அப்பாவையும் அப்படித்தான் அனுப்பினேன். பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. (பேரன் எழுதித் தருகிறான்)

மலர்: அம்மா, கடைக்குப் போன அப்பாவே திரும்பவில்லை. குளிக்கப் போன அம்மா மட்டும் திரும்புவாள் என்று அவள் எப்படி நம்புவாள்? அங்கன்வாடியில் தினமும் பார்க்கிறேன். இந்த வயதில் துக்கத்தைச் சொல்ல வாய் வராது, அது வயிற்றுவலியாக வரும். நடிப்பு என்று அதட்டாதீர்கள், நிஜமாகவே வலிக்கும்.

ஏழுமலை: ராணுவப்பேட்டை என்று பெயர் எடுத்த ஊர் இது. நாங்களெல்லாம் தானாகப் பழகிக்கொள்ளவில்லையா?

மலர்: பழகினீர்களா, அடக்கிக்கொண்டீர்களா அண்ணா?

ஏழுமலை: அப்பா போன அன்று தென்னந்தோப்பில் போய் உட்கார்ந்திருப்பேன். இருட்டும்வரை யாரும் தேடியதில்லை. சரி, நீ மேலே சொல்.

மலர்: உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள் அண்ணி. ‘அப்பா வேலைக்காக ரயிலில் ரொம்ப தூரம் போயிருக்கிறார். இன்று வரமாட்டார், நாளையும் வரமாட்டார். லீவு கிடைத்ததும் வருவார். நீ செய்த எதனாலும் அவர் போகவில்லை.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று நினைக்கிற வயது இது.

செல்வி: ஐயோ மலர். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சோற்றைக் கீழே சிந்தியதற்கு அவர் அதட்டினார். முந்தாநாள் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை என்னிடம் காட்டி, ‘இப்போது அப்பா வருவாரா?’ என்று கேட்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆயா: ஆனால் மத்தியானம் ஆட்டுக்குட்டியோடு சிரித்துக்கொண்டுதானே ஓடினாள்? மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மலர்: மறக்கவில்லை அம்மா. சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் அழுவார்கள், கொஞ்சம் விளையாடுவார்கள், திரும்ப அழுவார்கள். தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் ஓட்டினாளாமே, அதைக் கலைக்காதீர்கள். அழுதால் மிட்டாயை நீட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். ‘அப்பா ஞாபகம் வந்துவிட்டதா? எனக்கும்தான்’ என்றால் போதும்.

ஏழுமலை: அப்படியும் சரியாகவில்லை என்றால்?

மலர்: வாரக்கணக்கில் இப்படியே சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் டாக்டரிடம் மறுபடி சொல்ல வேண்டும். 14416-க்கும் பேசலாம். அரசின் மனநல உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

முருகன்: இப்போதுதான் சிக்னல் வந்தது, எல்லாம் படித்தேன். இரவு வீடியோவில் நானே சொல்கிறேன். கடை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். பொங்கலுக்கு வருவேன் என்று சொல்லட்டுமா?

மலர்: லீவு உறுதியானால் மட்டும் சொல் அண்ணா. அடுத்த முறை விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டுப் போ. காட்பாடி ஸ்டேஷனில் அழட்டும், பரவாயில்லை.

செல்வி: பேசி முடித்தார்கள். நன்றாக அழுதாள். ரயிலில் ஜன்னல் சீட்டா என்று கேட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஆயா: ‘கடை என்று ஏன் பொய் சொன்னாய்’ என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மலர், இதற்கு என்ன பதில் சொல்வது, சீக்கிரம் எழுது. எதிரிலேயே நிற்கிறாள்.