காரைத் தாழ்த்தியதும் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன: தவறு டிஃப்யூசரிலா?

கேள்வி (இயந்திரவியல் மாணவர்)

வணக்கம். மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் கட்டிப் பங்கேற்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக எங்கள் அணி கட்டிவரும் காருக்கு இந்த முறை கார்பன் ஃபைபர் அடித்தட்டும், அதன் பின்முனையில், அடியில் ஓடும் காற்று வெளியேற மேல்நோக்கி விரியும் டிஃப்யூசரும் பொருத்தியிருக்கிறோம். அடித்தட்டு தரையை நெருங்க நெருங்கக் கீழ்நோக்கு விசை கூடும் என்று படித்திருந்ததால், தரை இடைவெளியை 45 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ.க்குக் குறைத்தோம். மெதுவான வளைவுகளில் எந்த மாற்றமும் இல்லை. வேகமான வளைவுகளிலோ பின்பக்கம் திடீரென்று வழுக்கி வெளியே போகிறது. கணினி உருவகத்தில் விசை ஏறுமுகமாகவே இருந்தது. எங்கே தவறினோம் என்று சொல்ல முடியுமா?

மறுமொழி 1

டிஃப்யூசரின் சாய்வு எத்தனை பாகை? உருவகத்தில் தரை நகர்ந்ததா? கார் பக்கவாட்டில் சாய்ந்த நிலையிலும் கணக்கிட்டீர்களா?

கேட்டவர்

சாய்வு 17 பாகை. தரை நகர்ந்தது, சக்கரங்களும் சுழன்றன. ஆனால் கார் நேராக ஓடும் நிலையை மட்டுமே கணக்கிட்டோம்.

மறுமொழி 2

சிக்கல் அங்கேதான் இருக்கிறது, தம்பி. குறுகலான இடைவெளியில் காற்று விரைவதால் அழுத்தம் குறைந்து கார் தரையை நோக்கி இழுக்கப்படுகிறது. ஆனால் அடித்தட்டை ஒட்டி மெதுவாக நகரும் காற்றுப்படலம் அந்த இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், 17 பாகைச் சரிவில் அது ஒட்டி நிற்காமல் பிரிந்துவிடும், விசையும் சட்டென்று சரியும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க விளிம்பு 32 மி.மீ.க்கும் கீழே இறங்குகிறது.

2022இல் வென்ச்சூரி அடித்தட்டுகள் (அடியில் குறுகிப் பின் விரியும் காற்றுவழி கொண்டவை) ஃபார்முலா 1 பந்தயத்துக்குத் திரும்பியபோது நேராக ஓடும் பாதையில் கார்கள் துள்ளியதற்கும் இதுவே அடிப்படை. வேகத்தில் கார் கீழே இழுக்கப்பட, காற்றோட்டம் உடைந்து விசை குறைய, கார் எழும்ப, மீண்டும் இழுக்கப்பட்டது. அடித்தட்டு வளையாமலிருக்க அந்த ஆண்டே தாங்குகம்பி அனுமதிக்கப்பட்டது. 2023இல் அடித்தட்டின் விளிம்புகள் 15 மி.மீ. உயர்த்தப்பட்டன. உங்கள் கார் துள்ளும் வேகத்தை எட்டாது என்றாலும், விசை சரியும் விதம் ஒன்றுதான்.

டிஃப்யூசரின் உட்கூரையில் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, பின்னால் ஒரு கேமராவைப் பொருத்தி, இரண்டு உயரங்களிலும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நூல்கள் பின்னோக்கி நேராக நின்றால் காற்று ஒட்டியிருக்கிறது. முன்னோக்கிச் சுருண்டால் பிரிந்துவிட்டது. அடித்தட்டின் விளிம்பில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்றும் அளந்து பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. 45 மி.மீ.யில் எல்லா நூல்களும் நேராக நின்றன, 32 மி.மீ.யில் நடு இரண்டு வரிசைகள் முன்னோக்கிச் சுருண்டன. விளிம்போ 9 மி.மீ. தொய்ந்தது, அதை நாங்கள் சற்றும் எதிர்பார்க்கவில்லை. விளிம்பைச் சட்டத்தோடு எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டி, சாய்வை 11 பாகையாகவும் இடைவெளியை 40 மி.மீ. ஆகவும் மாற்றினோம். அதே வளைவில் இப்போது பின்பக்கம் உறுதியாக நிற்கிறது. முன்பக்கம்தான் சற்று விலகி ஓடுகிறது என்பதால், நாளை முன் இறக்கையின் மடலை ஒரு துளை உயர்த்திப் பார்க்கப் போகிறோம்.