இன்டர்னல் கேட்வே: உள்வாயிலா, அகவாயிலா?

வணக்கம் நண்பர்களே.

கணினி வலையமைப்பில் வரும் ‘இன்டர்னல் கேட்வே’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை தொடங்கி நான்கைந்து நாளாகிறது. ‘உள்நுழைவாயில்’, ‘உள்வாயில்’, ‘இடைகழி’, ‘திட்டிவாசல்’ என்று நான்கு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: அகவாயில். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த இடத்தில் சொல் தவறினால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவன் நான்.

கோவையில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டிலிருந்து பணி செய்பவர்களுக்காகத் தமிழில் நான்கு பக்க உதவிக் குறிப்பு ஒன்று எழுதினேன். அலுவலக வலையமைப்போடு இணைய நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் போர்ட்டல் என்று ஒன்று உண்டு, தரவு கடந்துபோகும் கேட்வே என்று ஒன்று உண்டு. கையில் இருந்த சொற்பட்டியலில் இரண்டுக்கும் நுழைவாயில் என்றே இருந்தது. நானும் யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன்.

மாதக் கடைசி. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் பொள்ளாச்சியில் தம் வீட்டிலிருந்து இரவு எட்டரைக்கு அழைத்தார். “தம்பி, நீங்க எழுதினபடிதான் நுழைவாயில் முகவரியைப் போட்டேன், இணையவே மாட்டேங்குது.” மூன்றாம் பக்கத்தில் கேட்வேக்கு நான் கொடுத்திருந்த முகவரியை, போர்ட்டலுக்கான பெட்டியில் போட்டிருந்தார். அவர் மீது ஒரு தப்பும் இல்லை. பெட்டிக்கு நான் சொன்ன பெயரும் நுழைவாயில், முகவரிக்கு நான் சொன்ன பெயரும் நுழைவாயில். சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த நான்கு பக்கத்தில் ‘நுழைவாயில்’ பதினேழு முறை வருகிறது. பதினொன்று போர்ட்டல், ஆறு கேட்வே.

ஆகவே முதல் வேண்டுகோள்: இந்த இரண்டையும் பிரித்துவிடுவோம். எந்த வாயிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்புகிற இடம்தான் போர்ட்டல். அதன் வழியாக யாரும் எங்கும் நுழைவதில்லை. அதற்கு ‘இணைப்பு முகப்பு’ போதும் என்று நினைக்கிறேன். வாயில் என்ற சொல் கேட்வேக்கு மட்டும் இருக்கட்டும்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். இன்டர்னல் கேட்வே என்ன செய்கிறது என்பதில் நம் இழையிலேயே குழப்பம் இருக்கிறது. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் குளோபல்புரொடெக்ட் என்ற இணைப்பு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், எனக்குப் பழக்கமானது அதுதான். மடிக்கணினியைத் திறந்ததும் அதிலுள்ள செயலி ஒரு கேள்வி கேட்கிறது: நான் இப்போது நம் வலையமைப்புக்குள் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா? அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தருவது டிஎன்எஸ். முன்பே சொல்லிவைத்த ஒரு ஐபி எண்ணை அதனிடம் கொடுத்து ‘இந்த எண்ணின் பெயர் என்ன?’ என்று தலைகீழாகக் கேட்கும். நம் உள் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரிந்த பெயர் பதிலாக வந்தால் உள்ளே இருக்கிறோம், வராவிட்டால் வெளியே. வெளியே என்றால் எக்ஸ்டர்னல் கேட்வேயை அடைந்து மறையாக்கப்பட்ட சுரங்கவழி (டனல்) ஒன்றை, அதாவது இணையத்தின் ஊடே பிறர் படிக்க முடியாத தனிப்பாதை ஒன்றை, போட்டுக்கொள்ளும். உள்ளே என்றால் இன்டர்னல் கேட்வேயிடம் போகும். அங்கே பெரும்பாலும் சுரங்கவழியே தேவைப்படாது. இன்னார் வந்திருக்கிறார், அவர் கணினியில் வட்டு மறையாக்கம் இருக்கிறது, நச்சுநிரல் தடுப்பு ஓடுகிறது, இற்றைகள் (அப்டேட்) போடப்பட்டிருக்கின்றன என்ற விவரம் மட்டும் போகும். அதை வைத்து எந்தச் சேவையகத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது முடிவாகும்.

இதில் நுழைவு எங்கே இருக்கிறது? ஆள் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. வீட்டுக்குள் இருப்பவரையே ‘நீங்கள் யார், இந்த அறைக்குப் போகலாமா?’ என்று கேட்கிற இடம் இது. வேலிக்குள் இருப்பவர் என்பதற்காகவே ஒருவரை நம்பிவிடக்கூடாது என்ற எண்ணம் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் 2010-ல் எழுதியதிலிருந்து பரவியது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அதை 800-207 என்ற ஆவணமாகவே வெளியிட்டது. அந்த எண்ணத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்பது தனி இழைக்கான விஷயம். இங்கே ஒன்றுதான்: சொல்லில் ‘நுழைவு’ இருந்தால் கருவியின் வேலையே தவறாகப் புரியும்.

‘உள்நுழைவாயில்’ என்றால் போதாதா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது, இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் இடைமுகங்களில் லாகின் என்பதற்கு ‘உள்நுழை’ என்பது ஊன்றிவிட்டது. வங்கிச் செயலியிலிருந்து அரசுத் தளம்வரை அந்தச் சொல்லைத்தான் மக்கள் பார்க்கிறார்கள். உள்நுழைவாயில் என்று படிப்பவர் கண்ணில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற பக்கம்தான் தோன்றும்.

அப்புறம் ‘உள்வாயில்’. சுருக்கமான சொல், ஓசையும் நன்றாக இருக்கிறது. அலுவலகத்திலேயே ஒரு பெட்டி வைத்து அதை இன்டர்னல் கேட்வே ஆக்கியிருந்த நாட்களில் நானும் இதையே ஏற்றிருப்பேன். இப்போது அது மேகத்துக்கு, அதாவது பிறருடைய தரவு மையத்தில் வாடகைக்கு இயங்கும் கிளவுடுக்கு, போய்விட்டது. எங்கள் இன்டர்னல் கேட்வே ஓடுவது மும்பையில் உள்ள ஒரு தரவு மையத்தில். கோவையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பொதுவெளி ஐபி கிடையாது, 10-இல் தொடங்கும் தனி முகவரி மட்டும். அலுவலகத்திலிருந்து அதற்கு, ஐபிசெக் என்ற மறையாக்க நெறிமுறையில், ஒரு சுரங்கவழி. உதவி மேசைக்குப் புதிதாக வந்த பையனிடம் ‘உள்வாயில் வேலை செய்கிறதா பார்’ என்றேன். அவன் நேராகச் சேவையக அறைக்குப் போய் அடுக்கில் தேடிக்கொண்டிருந்தான். உள் என்றால் இடத்தைத்தான் சொல்கிறது, அவன் புரிந்துகொண்டது சரிதான்.

அகம் அப்படி இடத்தோடு நின்றுவிடுகிற சொல் அல்ல. அகத்தார் என்றால் வீட்டுக் கட்டடத்துக்குள் நிற்பவர் மட்டும் இல்லை, வீட்டைச் சேர்ந்தவர். அகப்பகை என்றால் நம்மவரிடமிருந்தே வரும் பகை. இன்டர்னல் கேட்வேயில் உள்ள ‘இன்டர்னல்’ இந்தப் பொருளில்தான் வருகிறது: நம்மவருக்கான வாயில், நம் வலையமைப்பின் பக்கம் மட்டுமே முகம் காட்டும் வாயில். அது மும்பையில் இருந்தால் என்ன, சிங்கப்பூரில் இருந்தால் என்ன.

‘உள்’ளை ஒதுக்கிவைக்க இன்னொரு தேவையும் இருக்கிறது. இணையத்தின் தொடக்க காலத்தில் கேட்வே என்றால் இன்று நாம் திசைவி என்கிற ரவுட்டர்தான். 1987-ல் வந்த ஆர்எஃப்சி 1009 (ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் தொழில்நுட்ப ஆவணங்கள்) தலைப்பிலேயே ‘இன்டர்நெட் கேட்வே’ என்கிறது. 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1812 அதையே ‘ரவுட்டர்’ என்று மாற்றிக்கொண்டது. ஆனால் நெறிமுறைப் பெயர்களில் பழைய சொல் தங்கிவிட்டது. ஒரு நிறுவன வலையமைப்புக்குள் ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கப் பயன்படும் ஓஎஸ்பிஎஃப், ரிப் போன்றவற்றை இன்றும் ‘இன்டீரியர் கேட்வே புரோட்டோகால்’ என்கிறோம். அவற்றுக்கு ‘உள்திசைவு நெறிமுறை’ என்பது மிகப் பொருத்தம். உள் அங்கே போகட்டும், அகம் இங்கே இருக்கட்டும். ஒரே பாடநூலில் இரண்டும் வந்தால் மாணவர் திணறமாட்டார்.

‘அகவாசல்’ என்று வைத்தால் பேச்சுக்கு நெருக்கமாக இருக்குமே என்ற யோசனை எனக்கும் வந்தது. சொல்வதற்கு அதுதான் எளிது. ஆனால் அதன் இணையான எக்ஸ்டர்னல் கேட்வே ‘புறவாசல்’ ஆகிவிடும். நம் ஊரில் புறவாசல் என்றால் கொல்லைப்பக்கக் கதவு. பாதுகாப்புத் துறையில் அது பேக்டோர், அதாவது திருட்டு வழி. நல்ல வாயிலுக்கு அந்தப் பெயர் வைத்தால் தணிக்கைக்கு வருபவர் அலறிவிடுவார். ஆக வெளியே இருப்பது வெளிவாயில், இங்கே அகவாயில். அகத்துக்கு இணை புறம்தானே, வெளி எப்படி வந்தது என்று இலக்கணம் கேட்பீர்கள். கேட்பது நியாயம். அந்தச் சமன்பாட்டை விட்டுக்கொடுத்தாவது புறவாசல் குழப்பத்தைத் தவிர்ப்பேன்.

‘மேக’ என்ற அடையைச் சொல்லோடு ஒட்டவேண்டாம். மேக அகவாயில் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ‘மேகத்தில் இயங்கும் அகவாயில்’ என்று தேவைப்படும் இடத்தில் விரித்து எழுதிக்கொள்ளலாம்.

வாயில் என்ற அடிச்சொல்லே பொருந்துமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு ஒரு காட்சி. அமேசான் மேகத்தில் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி அதை கேட்வே ஆக்கப் பார்த்தால், முதலில் ஒரு தரவுப் பொட்டலமும் (பாக்கெட்) கடக்காது. தன் முகவரிக்கு வராத எதையும் கணினி ஏற்கக்கூடாது, தன் முகவரி இல்லாத எதையும் அனுப்பக்கூடாது என்பது அங்கே இயல்புநிலை. மூலமும் சேரிடமும் பார்க்கிற அந்தச் சரிபார்ப்பை நாமே போய் நிறுத்தவேண்டும். ‘இது யாரும் குடியிருக்கிற வீடு இல்லை, பிறர் கடந்து போகிற வாயில்’ என்று மேகத்துக்குச் சொல்கிற வேலை அது. முதல் முறை அதை மறந்துவிட்டு ஒரு மாலை முழுக்க தீயரண் (ஃபயர்வால்) விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வாயில் என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இடைகழி அழகான சொல், ஆனால் அது நடை. நிறுத்திக் கேட்கிற இடம் இல்லை. திட்டிவாசலை மட்டும் விட மனம் வரவில்லை. பெரிய கோட்டைக் கதவு சாத்தியிருக்கும்போது, அந்தக் கதவிலேயே ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்கு வைத்திருக்கும் சின்னக் கதவு. சேவையகங்கள் அனைத்தையும் பூட்டிவிட்டு நிர்வாகிகள் மட்டும் ஒரே ஒரு கணினி வழியாக ஒருவர் ஒருவராக உள்ளே போகிறோமே, அந்த ஜம்ப் ஹோஸ்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. முன்மொழிந்தவர் அதற்கென்று ஓர் இழை தொடங்கினால் முதல் ஆதரவு என்னுடையது.

கீழே உள்ள மூன்று வரிகளை உதவிக் குறிப்பில் போட்டு, அந்தக் கணக்குப் பிரிவு அக்காவிடமும் உதவி மேசைப் பையனிடமும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். விளக்கம் எதுவும் சொல்லாமல்.

இணைப்பு முகப்பின் முகவரியை இங்கே இடவும்.
நீங்கள் அலுவலக வலையமைப்பில் இருக்கிறீர்கள், அகவாயிலுடன் இணைந்துள்ளீர்கள்.
நீங்கள் வெளியிலிருந்து இணைகிறீர்கள்; வெளிவாயிலுக்குச் சுரங்கவழி அமைக்கப்படுகிறது.

அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை இதே இழையில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் மறுப்புகள் வந்தால் நல்லது, குறிப்பாக ‘வெளிவாயில்’ பற்றி.

அன்புடன்,
கோவையிலிருந்து