மறு: ‘வோல்டேஜ் டிராப்’: வீழ்ச்சியா, இழப்பா, வழியிறக்கமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்குமான மறுமொழியை ஒரே மடலில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: பெங்களூரு பீன்யாவில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேம்பர் டிரெய்லர்களுக்கு வயரிங் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் பையன்களில் பாதிப்பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். ‘பேட்டரி சார்ஜ் ஏறல’ என்று வரும் டிரெய்லரை எந்த வரிசையில் சோதிப்பது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் கேட்டார்கள். பியூஸ் பியூஸாகவே இருக்கட்டும் என்று முன்பே பேசி முடித்தாயிற்று. கம்பியில் மின்னோட்டம் போகும்போது வழியிலேயே குறைந்துபோகும் வோல்ட்டைக் குறிக்கும் வோல்டேஜ் டிராப் மட்டும்தான் இழுபறியில் நிற்கிறது. அதற்கு நான் முன்வைத்த சொல் ‘வழியிறக்கம்’; வந்த ஆட்சேபங்களுக்கான பதில்கள் கீழே.

> ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்றாலே எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது ஐயா. விலை வீழ்ச்சி, ஆட்சி வீழ்ச்சி என்று சொல்லும்போது நேற்று இருந்த நிலை இன்று இல்லை என்றுதானே பொருள்? மோட்டார் போட்டதும் வீட்டில் விளக்கு ஒரு கணம் மங்கி மீள்கிறதே, அதற்கு வீழ்ச்சி கச்சிதமான சொல். அதை அதற்கே விட்டுவைப்போம். இங்கே நடப்பது வேறு. அதே நொடியில் கம்பியின் இந்த முனையில் 14.2 வோல்ட், அந்த முனையில் 13.3. மின்னோட்டம் நின்றால் இரண்டு முனையும் சமமாகிவிடும்.

இந்தக் கடைசி வரியில்தான் பட்டறைக்காரர் ஏமாறுகிறார். டிரெய்லர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெறும் கம்பி முனையில் மீட்டரை வைக்கிறார். மின்னோட்டம் இல்லை, ஆகவே இறக்கமும் இல்லை. மீட்டர் சுத்தமாக 14.2 காட்டுகிறது. ‘சப்ளை நல்லா இருக்கு, பேட்டரிதான் போச்சு’ என்று தீர்ப்பு. வண்டிக்காரர் புது பேட்டரி வாங்குகிறார். சில மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. ‘வீழ்ச்சி’ என்று தாளில் எழுதினால் பையன் பேட்டரியைத்தான் பார்ப்பான். பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் வழியை.

> நீர்வீழ்ச்சி என்கிறோமே, அது இடத்தைக் குறிக்கவில்லையா?

நல்ல கேள்வி. அதற்கு மறுப்பு தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு வசதிதான் கிடைத்தது. அருவி ஒரே இடத்தில் மொத்தமாக விழுகிறது. மலைச்சாலை நெடுக இறங்குகிறது. கம்பியிலும் இரண்டும் உண்டு. கம்பி மெலிதாக இருந்தால் நீளம் முழுக்கச் சிறுகச் சிறுக இறங்கும். கம்பி முனையில் மாட்டும் உலோக வளையமான லக் சரியாக முடுக்கப்படாவிட்டால், பிளக் முனை கறுத்திருந்தால், அந்த ஓர் இடத்திலேயே பொத்தென்று இறங்கும். கை வைத்தால் சுடும். முதலாவதற்கு மருந்து தடித்த கம்பி. இரண்டாவதற்கு உப்புத்தாளும் ஸ்பேனரும் போதும்.

போன வாரம் பட்டறையில் எடுத்த அளவைத் தருகிறேன், இதை வைத்தே பேசலாம். காரின் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிவரை போக 6 மீட்டர், வர 6 மீட்டர், 6 ஸ்கொயர் (அதாவது 6 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள) செம்புக் கம்பி. என்ஜின் ஓடுகிறது, 20 ஆம்பியர் போகிறது. மீட்டரின் சிவப்பு முனையைக் கார் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை டிரெய்லர் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வைத்தால் இறக்கம் நேரே திரையில் வரும், கழித்தல் கணக்கே வேண்டாம். 0.35 வந்தது. செம்பின் தடையை வைத்துக் கணக்கிட்டால் 0.34, ஆக அந்தப் பக்கம் கோளாறு இல்லை. மைனஸ் பக்கம் அதே போல வைத்தால் 0.55. அதே நீளம், அதே கம்பி, 0.2 மட்டும் கூடுதல். ஒவ்வொரு இணைப்பாக முனையை நகர்த்திப் பார்த்தபோது, டிரெய்லர் சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டாமலே போல்ட் போட்டு முடுக்கியிருந்த லக்கில் அந்த 0.2 உட்கார்ந்திருந்தது.

சுரண்டி முடுக்கிய பிறகும் மொத்தத்தில் 0.7 வோல்ட் வழியிலேயே போகிறது. ஈய-அமில பேட்டரி முழுதாக ஏற 14.4 பக்கம் வேண்டும். நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும், இறக்கமும் குறையும், உண்மைதான். ஆனால் அதற்குள் பயணம் முடிந்துவிடும். அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படியும். 16 ஸ்கொயர் போட்டால் இறக்கம் கால் வோல்ட்தான். அல்லது டிசி-டிசி சார்ஜரை டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வருவது 13 ஆனாலும் அது 14.4 ஆக ஏற்றித் தந்துவிடும். காரின் பானெட்டுக்குள் வைத்தால் பயன் பாதிதான்.

> ‘மின்னழுத்த இழப்பு’ எளிமையாக இல்லையா?

இழப்பு என்பதை மின்வாரியம் வாட் கணக்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. வழியில் வெப்பமாகப் போகும் திறனை மின்னிழப்பு என்கிறோம். வோல்ட்டுக்கும் வாட்டுக்கும் ஒரே சொல் கூடாது.

> ‘இறக்கம்’ என்றால் ‘சார்ஜ் இறங்கிடுச்சு’ என்பதோடு குழம்பாதா? தட்டச்சில் ‘மின்னழுத்த இரக்கம்’ வேறு ஆகிவிடும்!

இரக்கம் வந்தால் வரட்டும், மின்சாரத்திடம் அதுவும் கொஞ்சம் தேவைதான். முதல் பாதி மெய்யான இடர். ‘பேட்டரி இறங்கிடுச்சு’ என்பது பெங்களூரில் தமிழர் மிகுந்த அல்சூர், ஸ்ரீராமபுரம் கடைகளில் தினசரிப் பேச்சு. பக்கத்தில் நிற்கும் கன்னடக்காரர் ‘டவுன் ஆகிதே’ என்பார். அதனால்தான் வெறும் இறக்கம் என்று விடாமல் வழியிறக்கம் என்கிறேன். கம்பியிறக்கம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் பியூஸ், சுவிட்ச், பிளக், சட்டம் எல்லாமே வழிதான், கம்பி மட்டும் அல்ல. வினையாகவும் நன்றாக வளைகிறது: ‘வழியில எவ்வளவு இறங்குது?’ என்று பையன் கேட்கலாம். ‘எவ்வளவு வீழ்கிறது?’ என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மின்தடையின் இரு முனைகளுக்கு இடையிலான இறக்கத்தையும் இதே சொல்லால் குறிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். பாடப்புத்தகத்துக்கு ‘மின்னழுத்த இறக்கம்’ பொதுச்சொல். விளக்கில் இறங்குவது வேலை செய்து இறங்குகிறது. அங்கே போய்ச் சேருமுன் இறங்குவது மட்டும் வழியிறக்கம்.

இன்னொன்றையும் இதில் கலக்க வேண்டாம். பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டிகள் பலவற்றில் கார் பேட்டரி நிரம்பியதும் ஆல்டர்னேட்டரே வோல்ட்டேஜைக் குறைத்துவிடுகிறது. அங்கே கார் பேட்டரியிலேயே மீட்டர் 12.8 காட்டும். இது வழியிறக்கம் அல்ல, புறப்படும்போதே குறைவு. இதற்குக் ‘குறைவழங்கல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன், எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நல்லது இருந்தால் தாருங்கள்.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்குப் ‘புவித்தொடுப்பு’ என்று தாளில் எழுதினால் பையன்கள் சிரிப்பார்கள். மின்னோட்டம் திரும்பி வரும் பாதைக்கு ‘மீள்வழி’ போடலாம். அப்போது ‘மீள்வழியிலும் வழியிறக்கம் பார்’ என்று ஒரே வரியில் முடியும். பலரும் பிளஸ் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தாளில் போகப்போகும் வாசகம் இது:

“என்ஜினை ஓடவிடு. டிரெய்லர் பேட்டரியைக் கழற்றாதே, மின்னோட்டம் போவதற்கு டிரெய்லரின் குளிர்பெட்டியைப் (ஃபிரிட்ஜ்) போட்டுவிடு. முதலில் கார் பேட்டரியில் வோல்ட்டேஜ் பார். பிறகு பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும், மைனஸுக்கும் மைனஸுக்கும் வழியிறக்கம் பார். இரண்டும் சேர்ந்து 0.36க்கு மேல் போனால், அதாவது 12 வோல்ட்டில் 3 விழுக்காட்டைத் தாண்டினால், இணைப்பு இணைப்பாகத் தேடு. எங்கேயும் தனியாக இறங்கவில்லை என்றால் கம்பியை மாற்று.”

இலங்கை நண்பர்கள் ‘அழுத்த வித்தியாசம்’ என்று படித்தவர்கள். அவர்களுக்கு வழியிறக்கம் எப்படி ஒலிக்கிறது என்று தெரிய ஆவல். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஆட்சேபம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ‘பரவாயில்லை’ என்றாலும் ஒரு வரி எழுதுங்கள், போன முறை போல மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு திட்டு வாங்க முடியாது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து