பளிங்காதல் என்ற ஒரு சொல் போதாது: யூரியாப் பூ, யூரியாக் காரை

வணக்கம்.

டீசல் வாகனங்களின் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டு வாயுக்களைக் குறைக்கத் தெளிக்கும் யூரியாக் கரைசல் காய்ந்து வெள்ளையாகப் படிவதை என்னவென்று சொல்வது என்று கலைச்சொற் பட்டியலுக்காகக் கேட்ட கேள்விக்கு இதுவரை வந்த விடைகளை எல்லாம் படித்தேன். தமிழகத்து நண்பர்கள் 'படிகமாதல்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர் எங்கள் பாடநூல் வழக்கின்படி 'பளிங்காதல்' என்கிறார். இரண்டும் நல்ல சொற்கள்தாம். சர்க்கரைப் பாகு கற்கண்டாவதற்கு எதைச் சொன்னாலும் பொருந்தும். ஆனால் இலங்கை மலையகத்து ஹற்றனில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இந்த ஒற்றைச் சொல் போதவில்லை. வண்டியில் படிபவை இரண்டு. அவற்றுக்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

முதலில் திரவத்தின் பெயர். 'டீசல் கழிவுத் திரவம்' என்று ஒருவர் மொழிந்திருந்தார். தயவுசெய்து அது வேண்டாம். கழிவு என்று கேட்டதும் பழைய எஞ்சின் எண்ணெய்தான் எங்கள் சாரதிகளின் நினைவுக்கு வரும். நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர், அவ்வளவுதான் அந்தத் திரவம். கராஜில் எல்லாரும் 'யூரியாத் தண்ணீர்' என்கிறார்கள். எழுத்துக்கு 'யூரியா நீர்' என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றை மட்டும் கூடவே சொல்லிவிட வேண்டும்: தேயிலைக்குப் போடும் உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அது யூரியா நீர் ஆகாது. உரத்தில் இருக்கும் அழுக்கும் தண்ணீரில் இருக்கும் சுண்ணமும், புகைக்குழாயில் வேதிவினையைத் தூண்டும் ஊக்கியைக் கெடுத்துவிடும். தோட்டத்து உரக் களஞ்சியம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் இந்த ஆசை எழுவது இயல்பு. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி படிவுக்கு வருகிறேன். போன மாதம் விடுதி ஒன்றுக்கு ஓடும் வேன் வந்தது. புகையிரத நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையே நாளெல்லாம் சிறு சிறு ஓட்டம். பயணிகள் வரும்வரை எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பு. யூரியா நீர் நிரப்பும் வாயைச் சுற்றி வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்து டம்ளர் நீரில் போட்டேன். கலக்காமலேயே கரைந்தது. பிறகு புகைக்குழாயில் யூரியா நீரைத் தெளிக்கும் முனையைக் கழற்றினேன். அதற்கு எதிரே, குழாயின் உட்சுவரில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு கட்டி. மங்கிய வெள்ளை, விளிம்பு மட்டும் பழுப்பு. உளியால் தட்டி ஒரு துண்டை வெந்நீரில் போட்டேன். மாலையில் கடையைப் பூட்டும்போதும் அது விழுந்த பல்லைப் போல டம்ளரின் அடியில் அப்படியே கிடந்தது.

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பொடியில் நீர் ஆவியாகிப் போய் யூரியா மட்டும் எஞ்சி நிற்கிறது. வேறு மாற்றம் எதுவும் இல்லை. கட்டியின் கதை நீளமானது. சூடான புகையில் தெளிக்கப்படும் யூரியா 133 பாகை செல்சியசில் உருகி, மேலும் சூடேற அமோனியாவாகவும் ஐசோசயனிக் அமிலமாகவும் பிரிய வேண்டும். அந்த அமிலமும் நீராவியோடு சேர்ந்து இன்னொரு பங்கு அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் (கார்பன் டைஆக்சைடையும்) தரும். அமோனியாதான் ஊக்கியின் மேல் நைதரசன் ஒட்சைட்டுகளைத் தாழ்த்தி வெறும் நைதரசனும் நீருமாக்குகிறது. புகையில் சூடு குறைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். துளிகள் குளிர்ந்த சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஐசோசயனிக் அமிலம் மிஞ்சிய யூரியாவோடு சேர்ந்து பையூரெட்டு ஆகும், பிறகு சயனூரிக் அமிலம் ஆகும். கட்டியாக இறுகும் அது நீரில் அரிதாகவே கரையும். 300 பாகைக்கு மேல் சூடு ஏறினால்தான் அசையும்.

என் முன்மொழிவு இது. பொடிக்கு 'யூரியாப் பூ', அது உண்டாவதற்கு 'யூரியா பூத்தல்'. கட்டிக்கு 'யூரியாக் காரை', அது உண்டாவதற்கு 'காரை கட்டுதல்'. இரண்டையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல 'யூரியாப் படிவு'.

பூத்தல் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. மழை விட்ட பிறகு எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சுவர்களில் உப்புப் பூக்கும். சுவருக்குள் ஊறிய நீர் வெளியே வந்து காய்ந்து, தான் சுமந்து வந்த உப்பை மேலே விட்டுப் போகிறது. நிரப்பும் வாயில் நடப்பதும் அதே செயல்தான். நீறு பூத்த நெருப்பு என்று சொல்லும் மொழியில் இதற்கு வேறு வினை தேட வேண்டியதில்லை. யூரியா உப்பு வகையைச் சேராததால் 'உப்புப் பூத்தல்' என்றே வைக்காமல் யூரியாவை முன்னால் சேர்த்தேன்.

காரை என்பதை பற்காரையிலிருந்து எடுத்தேன். மெல்லமெல்லப் படிந்து, இறுகி, கழுவினால் போகாமல் சுரண்டி எடுக்க வேண்டியது. 'யூரியாக் கறள்' என்ற மொழிவும் வந்திருந்தது. கறள் என்றால் இலங்கையில் துரு. இரும்பு தானே அரிபட்டு உண்டாவது. இங்கே குழாய் அரிபடவில்லை, வெளியிலிருந்து வந்த பொருள் படிகிறது. கறள் என்று சொன்னால் சாரதி குழாயை மாற்றக் கிளம்பிவிடுவார்.

பெயரைப் பிரித்தால் தடுக்கும் வழியும் தானே பிரிகிறது. பூவைத் தடுப்பது கைச்சுத்தம்: வழிய வழிய நிரப்பக் கூடாது, சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், மூடியை இறுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தியவுடன் பற்றரியைக் கழற்றக் கூடாது. பல வண்டிகளில் பம்ப் சிறிது நேரம் ஓடி, குழாயில் நிற்கும் நீரைத் தாங்கிக்கு இழுத்துக்கொள்ளும். அதைத் தடுத்தால் குழாய்க்குள்ளேயே பூக்கும். காரையைத் தடுப்பது சூடு. எங்கள் மலைப் பாதை இங்கேதான் சிக்கலாகிறது. கினிகத்தேனையிலிருந்து ஏறி வரும் வண்டியின் புகை நன்றாகச் சூடேறும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டியோ கியரின் பிடியில் உருளும்போது எரிபொருளே எரிக்காது; குழாய் வழியே வெறுங்காற்றுப் போய் அதைக் குளிரவைக்கும். ஆகவே சிறு ஓட்டமும் நின்ற ஓட்டமுமாக இருக்கும் வண்டியை இடையிடையே சுமையோடு ஒரு நீண்ட ஏற்றம் ஏற்றுவது நல்லது. யூரியா நீரும் அதற்கான பன்னாட்டுத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 22241 தரத்ததாக, திறக்காத கலனிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் பையூரெட்டு நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

நுவரெலியாக் குளிரில் உறைந்துதான் இப்படி ஆகிறதா என்று பலர் கேட்கிறார்கள். யூரியா நீர் உறைவது பூச்சியத்துக்குக் கீழே 11 பாகையில். சனவரியில் புல் வெளுக்கப் பனி விழும் விடியலிலும் அந்தக் குளிர் இங்கே வராது. 'உறைவு' என்ற மொழிவை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இந்தச் சொற்களை என்னிடம் வரும் இரண்டு சாரதிகளிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. ஒருவர் உடனே கேட்டார்: "அப்படியென்றால் பூவுக்கு வெந்நீர் போதும், காரைக்குத்தான் கழற்ற வேண்டுமா?"

பட்டியலில் ஏற்றுவதானால் இரண்டையும் தனித்தனிப் பதிவாக, ஒற்று மிகுத்து 'யூரியாப் பூ', 'யூரியாக் காரை' என்று ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். படிகமாதலும் பளிங்காதலும் பூவின் பதிவில் இணைச்சொற்களாக இருக்கட்டும். காரையின் பதிவில் அவை வேண்டாம்.