நியூட்டன் விதி உங்களுக்கு எப்போது உறைத்தது?

திண்ணை வாத்தியார்:

11 வருடமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே இயக்க விதிகள், அதனால் பள்ளி திறந்தாலே எனக்கு நியூட்டன் சீசன்தான். போன மாதம் ஒரு பையன் கேட்டான்: "சார், மாடு வண்டியை இழுக்குது. வண்டியும் மாட்டை அதே அளவு பின்னாடி இழுக்குதுன்னு மூணாவது விதி சொல்லுது. அப்புறம் வண்டி எப்படி சார் நகரும்?"

விசையும் எதிர்விசையும் வெவ்வேறு பொருள்மேல் செயல்படுகின்றன, அதனால் ஒன்றையொன்று சமன் செய்யாது என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். தப்பில்லை, தேர்வில் முழு மதிப்பெண் விழும். அவன் விடவில்லை. "சரி சார், ஆனா வண்டி மாட்டைப் பின்னாடிதானே இழுக்குது? மாட்டை முன்னாடி தள்ளுறது யாரு?" நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம்டா என்று கழன்றுகொண்டேன்.

அந்த வாரமே சொந்தக்காரர் கல்யாணம். மண்டப வாசலில் மழை, கீழே பளபளவென்று கிரானைட், அதன்மேல் பேட்டரி செத்துப்போன பழைய வேன் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தள்ளுவதற்கு ஆளில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கினேன். ரப்பர் செருப்பு. தள்ளத் தள்ள வேன் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நான்தான் பின்னால் வழுக்கிக்கொண்டு போகிறேன். சமையல்கட்டு வாசலில் நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை. வாட்ச்மேன் பெரியவர் ஒன்றும் பேசாமல் ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் விரித்தார். வேன் நகர்ந்துவிட்டது. அதே நான், அதே வேன், மாறியது சாக்கு மட்டும்.

சாப்பிட உட்காரும்போதுதான் உறைத்தது. நான் தரையைக் காலால் பின்னோக்கித் தள்ளினால் தரை என்னை முன்னோக்கித் தள்ளும், அந்தத் தள்ளல் கிடைத்தால்தான் வேனை நான் தள்ள முடியும். என் நிறை 70 கிலோ, அதாவது எடை ஏறக்குறைய 690 நியூட்டன். ஈரக் கிரானைட்டில் உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்கு உராய்வாகக் கிடைக்கும் என்பது) 0.2 என்று வைத்துக்கொண்டால் தரை எனக்குக் கொடுக்கக்கூடியது 138 நியூட்டன்தான். தினமும் தண்டால் எடுத்துவிட்டு வந்து தள்ளியிருந்தாலும் அதற்கு மேல் ஒரு நியூட்டன்கூடக் கிடைத்திருக்காது. மாட்டை முன்னாடி தள்ளுவதும் தரைதான். சேற்றில் மாடு கால் பதிக்க முடியாமல் தடுமாறுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. 11 வருடம்!

உங்களுக்கு எங்கே உறைத்தது என்று எழுதுங்கள். புத்தகத்தில் இருக்கும் உதாரணம் வேண்டாம்.

பழைய கண்டக்டர்:

வாத்தியாருக்கு வணக்கம். நான் எட்டாவதோடு நின்றவன், ஆனால் முதல் விதியை 28 வருடம் நின்றுகொண்டே படித்திருக்கிறேன். கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்க வேண்டுமென்றால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு ஏதாவது ஒரு சீட்டுச் சாய்வில். இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கிற புது ஆள் முதல் பிரேக்கிலேயே யார் மடியிலாவது உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் குறுக்கே ஆடு வந்து டிரைவர் அழுத்திவிட்டார். நின்றுகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் முன்னால் சரிந்தது. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் திரும்பி, பின்னால் இருந்த கல்லூரிப் பையன் சட்டையைப் பிடித்துவிட்டார், "ஏண்டா தள்ளுறே?" என்று. அந்தப் பையன், "என்னையும்தாங்க யாரோ தள்ளினாங்க" என்கிறான், அவனுக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொல்கிறார். இப்படியே போனால் கடைசி வரிசையில் ஒரு ஆள் மாட்ட வேண்டும். கடைசி சீட்டில் இருந்தது ஒரு கூடைக்கார ஆயா, அவரும் முன் சீட்டில் முட்டிக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "யாரும் தள்ளலைங்க, பஸ் நின்னுடுச்சு, நீங்க நிக்கலை" என்று நான் சொன்னதற்கு, சட்டையைப் பிடித்தவர் என்மேலும் பாய்ந்தார்.

பிறகு ஒருநாள் மகள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், வெளியிலிருந்து விசை செயல்படாதவரை நேர்கோட்டில் சீராக இயங்கும் பொருள் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும் என்று. அட, ஆட்டுக்கார பிரேக்!

ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் போகிற திசையைப் பார்த்து இறங்கி, கூடவே நாலு எட்டு ஓடுகிறவன் தப்பிப்பான். பின்பக்கம் பார்த்து இறங்குகிறவனுக்குக் கால் தரையில் நின்றுவிடும், உடம்பு பஸ்ஸோடு வந்த வேகத்திலேயே போகும், நேராகப் பிடரிதான். இரண்டு பேரை நானே தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன். வண்டி நின்ற பிறகு இறங்குங்கப்பா.

பனங்கூடல்:

எனக்கு விதி உறைத்த கதையை விட, சொல் உறைத்த கதைதான் பெரிது. நான் உயர்தரம் (இங்கத்தைய பிளஸ் டூ மாதிரி) படித்தது யாழ்ப்பாணத்தில். இப்போது சென்னையில் இருக்கிறேன், அக்காவின் மகன் இங்கே பதினோராம் வகுப்பு. அவன்ரை கொப்பியைப் பார்த்தால் "பொருளின் நிறை 5 கிலோகிராம்" என்று கிடக்கிறது. எனக்குக் கோபம். நிறை என்றால் நியூட்டனில் அல்லவா வரும், கிலோகிராமில் வருவது திணிவு என்று எல்லாவற்றையும் வெட்டித் திருத்திக் கொடுத்தேன். பெடியன் அதைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்ட, ரீச்சர் என் திருத்தத்தின் மேல் இன்னொரு சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டா.

பிறகுதான் விளங்கியது. எங்கட திணிவு இங்கே நிறை. எங்கட நிறை இங்கே எடை. எங்கட வேகம் இங்கே திசைவேகம், எங்கட கதி இங்கே வேகம். ஆர்முடுகல் இங்கே முடுக்கம், சடத்துவம் இங்கே நிலைமம். விசையும் உந்தமும் மட்டும் கடல் தாண்டியும் அப்படியே இருக்கின்றன. ஒரே மொழியில் எழுதிய இரண்டு புத்தகம், அதில் "நிறை" என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டு பேருமே சரி! (எனக்கு இப்பவும் "முடுக்கம்" என்றால் ஏதோ சந்துமுனை மாதிரித்தான் கேட்கிறது, கோபிக்க வேண்டாம்.)

ஆனால் அந்தச் சண்டையால் ஒரு நன்மை. மருமகன் கேட்டான், "மாமா, அப்போ வீட்டுல நாம ஏறி நிக்கிற மெஷின் எதை அளக்குது?" கிலோகிராம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அது உணர்வது நாங்கள் அதை அழுத்துகிற விசையை. அதை 9.8 ஆல் வகுத்துத்தான் கிலோவாகக் காட்டுகிறது. உயர்தரத்தில் எத்தனையோ கணக்குச் செய்தவன் நான், இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

மூணாவது மாடி:

பனங்கூடல் அண்ணா, அந்த மெஷினை லிஃப்டுக்குள் கொண்டுபோன ஆள் நான்தான்!

மகளுக்குத் தோற்ற எடை பாடம். லிஃப்ட் மேலே முடுக்கத்துடன், அதாவது வேகம் கூடிக்கொண்டே, போனால் எடை கூடும், கீழே முடுக்கத்துடன் இறங்கினால் குறையும், கம்பி அறுந்தால் சுழியம். எழுதிப் பார்த்துவிட்டாள், நம்பத்தான் இல்லை. எங்கள் கட்டடம் 12 மாடி. முதலில் டிஜிட்டல் மெஷினை எடுத்துப்போனோம், அது ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது, பிரயோஜனமில்லை. மாமியாருடைய பழைய முள் மெஷின்தான் கைகொடுத்தது. நின்ற லிஃப்டில் 58. பொத்தானை அமுக்கியதும் முள் துள்ளி 63 பக்கம் போனது, ஒன்றிரண்டு நொடிதான். 11ஆவது மாடி தாண்டி வேகம் குறையும்போது 53. மகள் கைப்பேசியில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். 5 கிலோ கூடியிருக்கிறது, 58-இல் 5 பங்கு, அதை 9.8 ஆல் பெருக்கினால் லிஃப்டின் முடுக்கம் 0.84 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர்டு. மெஷினை வைத்து லிஃப்டை எடை போட்ட மாதிரி ஆயிற்று.

ஆனால் எனக்கு உறைத்தது அந்த 63-உம் இல்லை, 53-உம் இல்லை. நடுவில், 4ஆவது மாடியிலிருந்து 9ஆவது வரை, லிஃப்ட் முழு வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது முள் அசையாமல் 58-இல் நின்றது. மேலே போகிறோமே, நம்மைத் தூக்க அதிக விசை வேண்டாமா என்று என் மனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டாம். சீரான வேகத்தில் போவதும் சும்மா நிற்பதும் மெஷினுக்கு ஒன்றுதான். வேகம் மாறும்போதுதான் நிகர விசை. கல்லூரி வரை இயற்பியல் படித்தவள் நான், ஆனால் "ஓடுகிற பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்" என்ற நினைப்பு எனக்குள் அத்தனை வருடமும் உட்கார்ந்திருந்திருக்கிறது.

இன்னொரு முறை போகும்போது 7ஆவது மாடியில் லிஃப்ட் நின்று எதிர்வீட்டு ஆன்ட்டி ஏறினார். மெஷின்மேல் நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்ல வச்சுப் பார்த்தா ஜாஸ்தி காட்டுதா?" என்றார். கீழே இறங்கத் தொடங்கும்போது பார்த்தால் குறைவாகத்தான் காட்டும் ஆன்ட்டி என்றேன். மறுநாள் கேட்கிறார், எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்று.

கரையோரம்:

என்னுடையது சின்னது. வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவினேன், வள்ளம் பின்னால் நழுவியது, கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் போனோடு விழுந்தேன். கட்டிப்போட்ட வள்ளத்திலிருந்து நூறு முறை தாவியிருப்பேன், அன்றைக்குக் கயிறு அவிழ்ந்திருந்தது. அதுவரை ராக்கெட் காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது, வானத்தில் காற்று இல்லாத இடத்தில் எப்படி என்று தெரியவில்லை என்று நினைத்திருந்தவன் நான். நான் தாவும்போது தள்ளியது வள்ளத்தை, ராக்கெட் தள்ளுவது தன் புகையை. காற்று எதற்கு?

இதில் எனக்கு ரொம்பக் கூச்சமில்லை. 1920-இல் அமெரிக்க ராக்கெட் விஞ்ஞானி காடர்டு நிலவுக்கு ராக்கெட் அனுப்பலாம் என்றபோது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, வெற்றிடத்தில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லையே, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியுமே என்கிற தொனியில் தலையங்கத்தில் கிண்டல் செய்தது. அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1969 ஜூலை 17 அன்று, தவறு என்று திருத்தம் போட்டார்கள். 49 வருடம். நான் போனை அரிசி டப்பாவுக்குள் போடும்போதே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தேரடி:

எங்கள் ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம் நாங்கள். "அவன் என் வேலைக்கு முட்டுக்கட்டை போடுறான்" என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அந்தக் கட்டைதான்.

இழுக்கிறவர்களுக்கு முதல் அடிதான் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். நூற்றுக்கணக்கான பேர் வடத்தைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாது, பின்னால் சக்கரத்துக்கு நெம்புகோல் கொடுத்துக் கிளப்ப வேண்டும். கிளம்பிவிட்டால் கூட்டம் சந்தோஷத்தில் கத்தும். எங்கள் அப்பாவுக்கு அப்போதுதான் முகம் மாறும். ஆள் நடக்கிற வேகம்கூட இருக்காது, ஆனால் நிறுத்தப் பார்த்தால் தெரியும். திருவாரூர் ஆழித் தேர் 96 அடி உயரம், அலங்காரத்தோடு 300 டன் என்று சொல்வார்கள். அது நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் இருக்கிற உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது), 10 டன் லாரி 54 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இருக்கிற உந்தமும் ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு இப்போது ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. எங்கள் தேர் சிறியது, எங்களுக்கு இன்னும் புளிய மரக் கட்டைதான்.

கட்டையை ஒரேயடியாகச் சக்கரத்துக்கு நேர் குறுக்கே போடக் கூடாது என்பது அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சக்கரம் டக்கென்று நிற்கும், மேலே இருக்கிற விமானம் முன்னால் ஆடும், கண்டக்டர் அண்ணன் சொன்ன கூட்டம் மாதிரியே. சரிவாகச் செதுக்கிய கட்டையை ஓரத்தில் கொடுத்து, சக்கரம் அதன்மேல் கொஞ்சம் ஏறி, தேய்ந்து, மெதுவாக அடங்க வேண்டும். கேட்ச் பிடிக்கிறவன் கையைப் பின்னால் இழுக்கிற கதைதான், நேரத்தை நீட்டினால் விசை குறையும். கட்டையைக் கொடுத்த கையை எடுக்க எங்களுக்குக் கிடைக்கிற நேரம் மட்டும் நீளாது. அப்பாவின் வலது கையில் சுண்டு விரல் பாதிதான் இருக்கும்.

திண்ணை வாத்தியார்:

தேரடி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்தப் பையனிடம் சாக்குக் கதையைச் சொன்னேன். தரைதான் தள்ளுகிறது என்றதும் முகம் மலர்ந்தது, உடனே அடுத்த கேள்வி. "அப்போ நீங்க தரையைப் பின்னாடி தள்ளினீங்க இல்ல சார்? பூமி பின்னாடி போச்சா?" போயிருக்க வேண்டும்டா என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாக்கின்மேல் நான் 300 நியூட்டன் கொடுத்தேன் என்று வைத்து, பூமியின் நிறை 6-க்குப் பின்னால் 24 சுழியம் போட்ட கிலோகிராம், வகுத்தால் பூமியின் முடுக்கம், புள்ளிக்குப் பின்னால் 22 சுழியம் போட்டு அப்புறம் ஒரு 5. அவன் நோட்டில் அந்த 22 சுழியத்தையும் ஒவ்வொன்றாக எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "வேன் எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு சார், கிழக்கா மேற்கா?" என்றான்.

கிழக்கு என்று நினைக்கிறேன். மண்டபத்து வாட்ச்மேனிடம்தான் கேட்க வேண்டும்.